உறை கழன்றால் சிக்கும் வித்து

மட்கிய குப்பையிலும் பழைய வைக்கோலிலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை வளர்கிறது. அதன் வித்துகளை நாம் தினமும் நூற்றுக்கணக்கில் மூச்சோடு இழுக்கிறோம். பெரிய தூசியை மூக்கும் மூச்சுக்குழாய்ச் சளியும் பிடித்துவிடும். 2 முதல் 3 மைக்ரோமீட்டரே உள்ள இந்த வித்தோ நுரையீரலின் காற்று நுண்ணறை வரை போய்விடும். பெரும்பாலான பூஞ்சைகள் உடல் சூட்டில் திணறும். இது 50 டிகிரி செல்சியஸிலும் வளரும்.

நுண்ணறையில் காவல் இருப்பவை, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள். ஆனால் உறங்கும் வித்தை அவை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ரோட்-ஏ என்ற, நீர் ஒட்டாத புரத உறையும் அதனடியில் உள்ள மெலனின் நிறமியும் அதை மறைத்துவிடுகின்றன. இது நமக்கும் நல்லதுதான். வந்து விழும் ஒவ்வொரு வித்துக்கும் அழற்சி கிளம்பினால் நுரையீரல் என்னாவது?

ஈரம் பட்ட வித்து சில மணி நேரத்தில் உப்புகிறது, உறை கழல்கிறது. உள்ளிருந்து பீட்டா-குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி வெளியே தெரிகிறது. மேக்ரோஃபேஜின் மேலுள்ள டெக்டின்-1 ஏற்பி அதைப் பற்றியதும் வித்து விழுங்கப்பட்டு, அமிலப் பைக்குள் சாகிறது. கூடவே நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்களுக்கும் அழைப்பு போகிறது.

தப்பிய வித்து முளைத்து நீண்ட இழையாகிவிட்டால் அதை எந்த அணுவாலும் விழுங்க முடியாது. நியூட்ரோஃபில்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜனிலிருந்து செய்த நச்சு மூலக்கூறுகளைப் பாய்ச்சுகின்றன. அதற்கான நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகளை இந்தப் பூஞ்சை திரும்பத் திரும்பத் தாக்கும்.

கீமோதெரபியில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே இறங்கி, பத்து நாளுக்கு மேல் அப்படியே கிடந்தால் ஆபத்து அதிகம். இழைகள் ரத்தக்குழாய்க்குள் துளைத்துச் செல்லும்; சிடி ஸ்கேனில், பூஞ்சை தாக்கிய இடத்தில் உண்டான நுரையீரல் முடிச்சைச் சுற்றித் தெரியும் மங்கலான வளையம் கசிந்த ரத்தமே. அதிக அளவு ஸ்டீராய்டு வேறு விதமாகக் கெடுக்கும்: அணுக்களின் எண்ணிக்கை குறையாது, ஏறக்கூடச் செய்யும், ஆனால் கொல்லும் திறன் மழுங்கும். ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

வோரிகனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கொடுக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் முடிச்சு பெரிதாகத் தெரிவதுண்டு. அதை வைத்து மட்டும் மருந்து தோற்றதாக முடிவு கட்டக் கூடாது. நியூட்ரோஃபில்கள் திரும்பி வந்து செத்த திசுவைப் பிரிக்கத் தொடங்கினால், முடிச்சின் ஓரத்தில் பிறை வடிவில் காற்று தெரியும்.