பழைய ஸ்போர்ட்ஸ் காரில் நான்கு சக்கரத்துக்கும் 32 அடிக்காதீர்கள்

எம்ஜிபி ரோட்ஸ்டரை (மேற்கூரை திறந்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) டயர் கடையில் விட்டு எடுத்தால், பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) காற்றோடுதான் வெளியே வரும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாள் முழுக்க அவர் கைக்கு வருவதெல்லாம் ஒன்றரை டன் எடையுள்ள இன்றைய கார்கள். ஆனால் இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான இந்த ரோட்ஸ்டருக்கு, இன்றைய கார்களில் வரும் ரேடியல் வகை டயர் போட்டிருந்தால் கையேடு சொல்லும் காற்று முன்னால் 21, பின்னால் 24. பத்து பிஎஸ்ஐ கூடிய வண்டி மேடு பள்ளத்தில் தத்துகிறது, ஸ்டீயரிங் படபடக்கிறது, ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் இழுத்துக்கொண்டு போகிறது. உரிமையாளர் ஷாக் அப்சார்பரை மாற்றுகிறார், ஸ்பிரிங்கை மாற்றுகிறார், முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னைக் கழற்றிப் பார்க்கிறார். வால்வு மூடியைக் கழற்றிப் பார்ப்பது மட்டும் கடைசியில்தான்.

இவ்வளவு குறைந்த காற்று எப்படிப் போதும் என்று பலருக்குப் பயம். கணக்கு எளிது. ஆரம்பகால எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒரு டன்னை எட்டாது. இரண்டு பேர் ஏறினாலும் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 250 முதல் 280 கிலோதான் விழும். 165/80 ஆர் 14 டயரின் (அகலம் 165 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்) பக்கவாட்டில் 84 என்ற சுமைக் குறியீடு இருந்தால், முழுக் காற்றில் அது 500 கிலோ தாங்கும். பாதிச் சுமைக்கு முழுக் காற்று அடித்தால் டயரின் நடுப்பகுதி உப்பும், சாலையைத் தொடும் பரப்பு நடுக்கோட்டுக்குச் சுருங்கும். அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் டயரின் பக்கச் சுவரையும் சஸ்பென்ஷனின் ஒரு பாகமாகவே கணக்கில் வைத்தார்கள். எம்ஜிபியில் இருப்பது நெம்புகோல் வகை ஆர்ம்ஸ்ட்ராங் டேம்பர்கள், அதாவது ஷாக் அப்சார்பர்கள். டயர் வளைந்து வாங்கிக்கொள்ள வேண்டிய அதிர்ச்சி முழுவதையும் அவற்றின் தலையில் கட்டினால் அவை சமாளிக்காது.

டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் பிஎஸ்ஐ எண்ணைப் பார்த்துக் காற்று அடிப்பவர்களும் உண்டு. அது டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கிறது, டயரில் இல்லை.

21, 24 என்ற இந்த எண்களைவிட இரண்டுக்கும் இடையிலுள்ள மூன்று பிஎஸ்ஐ வித்தியாசம் முக்கியம். பின் டயரில் காற்று சற்றுக் கூடினால் அது வளைவில் குறைவாக நெளியும், பின்பக்கம் சாலையை விடாது. வித்தியாசத்தை அழித்து நான்கிலும் ஒரே காற்று வைத்தால், வளைவில் பின்பக்கம் முதலில் விலகும் போக்கு வண்டிக்கு வருகிறது. எம்ஜிபியில் இதை ஓட்டுநர் உணர்ந்து சமாளித்துவிடலாம். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் போர்ஷே 911இல் விளையாடக் கூடாது. 1978 முதல் 1983 வரை வந்த 911 எஸ்சிக்கு 15 அங்குல வீலில் முன்னால் 185/70, பின்னால் 215/60. காற்று முன்னால் 29, பின்னால் 34. 16 அங்குல வீலில் 205/55, 225/50 டயர்கள் என்றால் 29, 36. ஐந்து முதல் ஏழு பிஎஸ்ஐ வித்தியாசம் அங்கே ஆலையே வைத்தது. நான்கிலும் 32 அடித்த 911 நேர்ச்சாலையில் ஒன்றும் காட்டாது. நனைந்த வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதுதான் காட்டும்.

அளவு

பழைய டயரில் 165 எஸ்ஆர் 14 என்று மட்டும் இருக்கும், உயர விகிதம் இருக்காது. அப்படி எழுதாத ரேடியல்களில் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதத்தை ஒட்டியது என்று கொள்ளுங்கள். அகலம் 165 மி.மீ. என்றால் சுவர் 132. மேலும் கீழும் சேர்த்து 264. 14 அங்குல ரிம் 355.6. மொத்தம் ஏறக்குறைய 620 மி.மீ. விட்டம். இதே கணக்கில் 185/70 ஆர் 14 சுமார் 615 வரும். ஒரு சதவீதத்துக்கும் குறைவான மாற்றம், ஸ்பீடோமீட்டருக்குத் தெரியவே தெரியாது. 195/60 ஆர் 14 போட்டால் 590தான். கிட்டத்தட்ட 5 சதவீதம் சிறுத்துவிடுகிறது. ஸ்பீடோமீட்டர் கூடுதலாகக் காட்டும், நெடுஞ்சாலையில் எஞ்சின் அதே அளவு கூடுதலாகச் சுழலும், வண்டி தரையை நோக்கி 15 மி.மீ. இறங்கும்.

அடுத்தது ரிம்மின் அகலம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆரம்பகால எம்ஜிபியின் தகட்டு வீல் 4 அங்குலம், 60 ஸ்போக் கம்பி வீல் நாலரை, பிறகு வந்த ரோஸ்டைல் என்ற அலங்கார இரும்பு வீல் 5. 165/80 டயருக்கு 4 முதல் ஐந்தரை வரை சரி. 185/70க்கு நாலரை முதல் 6 வரை. ஆகவே கம்பி வீலில் 185/70 பொருந்தும், ஆனால் கீழ் எல்லையில். பக்கச் சுவர்கள் உள்நோக்கிக் குறுகி, ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையே ஒரு தயக்கம் வரும். 4 அங்குலத் தகட்டு வீலில் அதைப் போடவே கூடாது. 195/60க்கு ஐந்தரை அங்குல ரிம்மாவது வேண்டும், ஆலை வீல் எதிலும் அது இல்லை. இன்னொரு சிக்கல், எம்ஜிபியின் பின் அச்சு பல வண்டிகளில் நட்டநடுவில் உட்கார்ந்திருக்காது. அகல டயர் ஒரு பக்கம் மட்டும் மட்கார்டில் உரசும். வாங்குமுன் இரண்டு பக்கமும் டயருக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள், ஆள் ஏறிய நிலையில்.

எங்கள் கருத்து: பந்தயத்துக்குப் போகாத எம்ஜிபிக்கு 165/80 போதும். பார்க்கக் கொஞ்சம் ஒல்லியாகத் தெரியலாம். நிறுத்தும்போது ஸ்டீயரிங் இலகுவாக இருக்கும், வளைவில் பிடி மெதுவாக, முன்கூட்டியே சொல்லிவிட்டு விலகும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் இந்த இரண்டும் ஓட்டுகிறவருக்குப் பெரிய வரம்.

வேகக் குறியீட்டில் எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., டி 190, எச் 210, வி 240. பழைய விஆர் என்பது 210க்கு மேல் என்று மட்டுமே பொருள்பட்டது. 911க்கு விஆர் கேட்டிருந்தால் இன்று வி அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். விலை குறைவு என்று டி வாங்க வேண்டாம். பழைய வடிவத் தடத்தோடு இன்றைய ரப்பரில் மிஷ்லன் எக்ஸ்ஏஎஸ், பைரெல்லி சிந்துராட்டோ சிஎன்36 போன்றவை இப்போதும் தயாராகின்றன. சிஎன்36, 911 எஸ்சியின் 15 அங்குல வீலுக்கான முன், பின் இரண்டு அளவிலுமே கிடைக்கிறது. விலை அதிகம்தான். ஆனால் பக்கச் சுவரின் நெகிழ்வு அந்தக் கால சஸ்பென்ஷனுக்கு ஏற்றபடி இருக்கும்.

கிராஸ்பிளையும் ரேடியலும் கலந்தால்

நம் ஊர் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்லும் வகைதான் கிராஸ்பிளை. 1961இல் ஜாகுவார் இ-டைப் வெளிவந்தபோது அதில் இருந்தது 6.40-15 அளவு டன்லப் கிராஸ்பிளை. பின்னாட்களில்தான் 185-15 ரேடியல் வந்தது. காட்சிக்கு வைக்கும் வண்டியில் அசல் வகையே வேண்டும் என்றால் நான்கும் கிராஸ்பிளையாக இருக்கட்டும். ஒரே அச்சில் இரண்டு வகையைக் கலக்கவே கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்பது பிரிட்டனில் சட்டப்படியே குற்றம். ரேடியல் சாலையை இறுகப் பிடித்து முன்பக்கத்தைத் திருப்பிவிடும், கிராஸ்பிளை பின்னால் அதற்கு ஈடுகொடுக்காமல் சறுக்கும். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். வழியில் பஞ்சராகி அதை மாட்டும் நிமிடத்தில் இந்தக் கலப்பு நடந்துவிடும்.

கம்பி வீலும் டியூபும்

கம்பி வீலில் ஸ்போக்கை இறுக்கும் நட்டுகளான நிப்பிள்கள் ரிம்மைத் துளைத்து உள்ளே வருவதால் காற்று நிற்காது, டியூப் கட்டாயம். பழைய தகட்டு வீல்கள் சிலவற்றில் டயர் விளிம்பை நழுவாமல் பிடிக்கும் திமில் இருக்காது. 21 பிஎஸ்ஐயில் வேகமாகத் திரும்பும்போது விளிம்பு உள்ளே நழுவக்கூடும் என்பதால் அங்கும் டியூப் நல்லது. பஞ்சர் எப்படி வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் ஆணி அரிதாகத்தான் கிடைக்கும். பெரும்பாலும் மூன்று காரணங்கள்: ஸ்போக்கின் முனை நிப்பிளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், ரிம் பட்டை விலகியிருக்கும், அல்லது டயருக்குள் ஒட்டியிருந்த காகித லேபிள் டியூபை நாள்கணக்கில் தேய்த்து ஓட்டையாக்கியிருக்கும். டியூப் இல்லாமல் ஓடவென்று செய்த இன்றைய டயர்களின் உட்பரப்பில் மெல்லிய வரம்புகளும் இருக்கும். ஆகவே மாட்டுமுன் ஸ்போக் முனைகளை ராவி மட்டமாக்குங்கள், புது ரிம் பட்டை போடுங்கள், லேபிளைச் சுரண்டி எடுங்கள், உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், டால்கம் பவுடர் தூவுங்கள். டியூப் அதே அளவுக்கு உரிய ரேடியல் டியூபாக இருக்க வேண்டும். பெரிய டியூப் உள்ளே மடியும், மடிந்த இடம் கிழியும்.

வீல் பேலன்சிங்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்பிளைன் ஹப் (பல் வெட்டிய நடுக்குடம்) கொண்ட கம்பி வீல், வண்டியில் உள்ளும் புறமுமாக இரண்டு சரிவுப் பரப்புகளின் மேல் மையம் கொள்கிறது. கடைக்காரர் தன் இயந்திரத்தின் சாதாரணக் கூம்பை ஸ்பிளைனுக்குள் செருகிச் சுழற்றினால் மையம் தப்பும், சரியாக இருக்கும் வீலுக்குத் தேவையில்லாத ஈய எடை ஏறும். அந்தச் சரிவுகளில் உட்காரும் பொருத்திகள் இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டு வீலைக் கொடுங்கள்.

வயது

இந்த வண்டிகள் ஆண்டுக்கு ஓரிரண்டு ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகின்றன. தடம் தேய்வதற்குள் ரப்பர் கெட்டியாகிவிடும். டயரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தையது, தடம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிப் போடுங்கள். ஆறு வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் பிரித்துச் சோதிப்பது, பத்து வயதில் எறிவது என்பது நல்ல வழக்கம். பிரிட்டனில் 2021 பிப்ரவரி முதல் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து வயதைத் தாண்டிய டயருக்குத் தடை இருக்கிறது. சொந்தக் கார்களுக்கு அது பொருந்தாது என்பதால் பலர் மெத்தனமாக இருக்கிறார்கள். 2013இல் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில் முதன்மைக் காரணம் வேகம் என்றே விசாரணை சொன்னது. ஆனால் அந்த போர்ஷே கரேரா ஜிடியின் டயர்கள் ஒன்பது வயதைக் கடந்தவை என்பதும் அதே விசாரணையில் பதிவானது.

உங்கள் வண்டிக்கான காற்று

கையேட்டு எண்ணில் தொடங்குங்கள். அளக்கும்போது டயர் குளிர்ந்திருக்க வேண்டும், மூன்று மணி நேரம் நின்ற வண்டி என்றால் சரி. பங்க் மீட்டரை நம்பாமல் 0 முதல் 60 வரை காட்டும் நல்ல டயல் கேஜ் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். 21ஐ அளக்கும்போது இரண்டு பிஎஸ்ஐ பிழை என்பது பத்து சதவீதப் பிழை. வெப்பநிலை 10 டிகிரி மாறினால் ஒன்று முதல் ஒன்றரை பிஎஸ்ஐ மாறும் என்பதால், குளிர்காலத்தில் அடித்த காற்று கோடையில் அப்படியே இருக்காது.

பிறகு தடத்தின் குறுக்கே சாக்பீஸால் ஒரு தடித்த கோடு போட்டு, சமதளத்தில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் அழிந்தால் குறைவு, ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் பக்கம் போங்கள். அடுத்து, வழக்கமான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டி உடனே அளங்கள். நான்கு பிஎஸ்ஐ போல ஏறியிருந்தால் சரி. அதைவிட அதிகம் ஏறினால் டயர் மிகையாக நெளிந்து சூடாகிறது, குளிர்ந்தபின் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட்டுங்கள். ஏறவே இல்லை என்றால் குறையுங்கள். எது செய்தாலும் முன் பின் வித்தியாசத்தைக் கலைக்காதீர்கள். 185/70 போட்ட எம்ஜிபி 21இல் சோம்பலாகத் திரும்பினால் முன்னால் 24, பின்னால் 27 வரை போகலாம். முழுச் சுமைக்கும் நீண்ட அதிவேக ஓட்டத்துக்கும் கையேட்டில் தனி வரி இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சூடான டயரிலிருந்து ஒருபோதும் காற்றை இறக்காதீர்கள்.

புது டயரின் மேற்பரப்பில் அச்சு மசகு ஒட்டியிருக்கும், முதல் 150 கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். கம்பி வீலைக் கழற்றி மாட்டியிருந்தால் சிறிது தூரம் ஓடியபின் வீலைப் பிடிக்கும் நடு நட்டான ஸ்பின்னரை மீண்டும் ஒருமுறை தட்டி இறுக்குங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் பத்து பிஎஸ்ஐ கூட்டி நிறுத்துங்கள், டயர் ஒரே இடத்தில் தட்டையாகாது. எடுக்கும் நாளில் முதல் வேலையாக அதை இறக்கிவிடுங்கள், கூடவே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் நான்கு இலக்கத்தையும் பாருங்கள்.