ஆலிவ் ஆலையின் கறுப்பு நீர்

ஆலிவ் காயில் பாலிபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் உண்டு. அவற்றில் எண்ணெயோடு வந்து சேர்வது சுமார் 2 சதவீதம்தான். ஏறத்தாழ பாதி கழிவுநீரோடு போகிறது; மீதி சக்கையில் தங்கிவிடுகிறது.

காரணம் எளிது. அரைத்த விழுதில் வெந்நீர் கலந்து மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றும்போது எண்ணெயும் நீரும் பிரிகின்றன. பாலிபீனால் மூலக்கூறுகளில் உள்ள ஹைட்ராக்ஸில் (OH) தொகுதிகளுக்கு நீரோடுதான் ஒட்டுதல் அதிகம். இப்படி ஒரு டன் காய்க்குச் சுமார் 1,000 லிட்டர் கறுப்பு நீர் வெளியேறுகிறது. இத்தாலியிலும் கிரேக்கத்திலும் ஆறுகளையும் மண்ணையும் கெடுத்த நீர் இது. சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்களையே இதிலுள்ள பாலிபீனால்கள் முடக்கிவிடுகின்றன. விலை மதிப்புள்ள பொருளும் நச்சும் இங்கே ஒன்றுதான் என்பதால், அதை எடுத்தால் பொருளும் கிடைக்கும், நீரின் நச்சும் குறையும்; இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

முக்கியமாகத் தேடப்படுவது ஹைட்ராக்ஸிடைரோசால் என்ற பாலிபீனால். கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதைத் தடுக்கும் ஆற்றல் கொண்டது. ரத்தக் கொழுப்பை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்க, இதுவும் இதன் சேர்மங்களும் நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வேண்டும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2011இல் கூறியது.

இதைப் பிரித்தெடுக்க, முதலில் கறுப்பு நீரில் அமிலம் சேர்க்கிறார்கள். இல்லாவிட்டால் காற்று பட்டு பாலிபீனாலே ஆக்சிஜனேற்றம் அடைந்து வீணாகிவிடும். அடுத்து, சல்லடைகளை வரிசையாக அடுக்கியதுபோல் சவ்வுகள். நுண்துளைச் சவ்வுகளில் நார்த்துகள், எண்ணெய்த்துளி, புரதம், பெக்டின் எல்லாம் தங்கிவிடும். ஹைட்ராக்ஸிடைரோசாலின் மூலக்கூறு எடை 154 மட்டுமே. சிறிய மூலக்கூறு என்பதால் அது நீரோடு கடந்துவிடும்.

ஆனால் உப்பும் சர்க்கரையின் ஒரு பகுதியும் கூடவே வந்துவிடும். அவற்றைப் பிரிக்க, செயற்கைப் பிசினால் ஆன சிறு மணிகளின் வழியே நீரை விடுகிறார்கள். இங்கேதான் பிசின் மணிகளின் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. பாலிபீனாலில் நீரை விரும்பாத பென்சீன் வளையம் ஒன்று உண்டு. அது பிசினைப் பற்றிக்கொள்கிறது. பென்சீன் வளையமில்லாத சர்க்கரையும் உப்பும் வழிந்தோடிவிடுகின்றன. பிறகு எத்தனாலை ஊற்றினால் பாலிபீனால் பிசினைவிட்டு அதில் கரைந்து வருகிறது. எத்தனாலை ஆவியாக்கிப் பிடித்து மறுபடி பயன்படுத்தலாம். பாலிபீனால் நீங்கிய நீரிலுள்ள சர்க்கரையை மீத்தேன் நுண்ணுயிர்கள் எளிதாகச் செரித்து எரிவாயு தரும்.

சவ்வுகள் விரைவில் அடைத்துக்கொள்வது பெரிய தொல்லை. அதைவிடப் பெரியது, அறுவடை சில மாதங்களே நடப்பது. சிறு ஆலை ஒவ்வொன்றும் தனி நிலையம் அமைத்தால் கட்டுப்படியாகாது. ஒரு வட்டாரத்து ஆலைகள் கூடி அமைப்பதே நடக்கக்கூடிய வழி. அப்போதும் அமிலம் சேர்க்கும் வேலை அந்தந்த ஆலையிலேயே, பிழிந்த கையோடு நடந்தாக வேண்டும்.