ஆத்தென்டிகேஷன் வேறு, அங்கீகாரம் வேறு

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். போன மாதம் ஒருநாள் காலை ஏழு மணிக்கே அழைத்தார். "தம்பி, என் மெயிலுக்கு அங்கீகாரம் ரத்தாயிருச்சு போல. யாருக்கு மனு எழுதணும்?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். மேசைக் கணினியில் அஞ்சல் செயலி திறந்திருந்தது. நடுவே ஒரு சிறு பெட்டி: "அங்கீகாரம் தோல்வியுற்றது. உங்கள் நற்சான்றுகளைச் சரிபார்க்கவும்." விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள். அதில் அனுப்புநர், பெறுநர் என்று தொடங்கி நான்கு வரி எழுதியும் வைத்திருந்தார். பெறுநர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு நாளைக்கு முன் பேத்தி கைபேசியில் அவருடைய கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். கணினியில் இருந்த செயலிக்கு அது தெரியாது. சேமித்து வைத்திருந்த பழைய கடவுச்சொல்லையே, அஞ்சல்களை வைத்திருக்கும் கணினியான சர்வருக்குத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. அமைப்புகளுக்குள் போய்ப் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைக் கொடுத்ததும் அஞ்சல்கள் வரிசையாக வந்து விழுந்தன. இரண்டு நிமிட வேலை. அதற்காக அந்த மனிதர் இரண்டு நாளாகக் கவலைப்பட்டிருக்கிறார்.

அவர் தவறாகப் படிக்கவில்லை. தமிழைச் சரியாகத்தான் படித்தார். வாழ்நாள் முழுவதும் பள்ளிக்கூடம் நடத்தியவருக்கு அங்கீகாரம் என்றால் கல்வித்துறை தரும் ஆணை. குறித்த காலத்தில் புதுப்பிக்காவிட்டால் பள்ளியை மூடச் சொல்லிவிடுவார்கள். வீட்டு மனை வாங்குகிறவரும் அங்கீகரிக்கப்பட்ட மனையா என்றுதான் முதலில் கேட்கிறார். அங்கீகாரம் பெற்ற சங்கம், அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்று எங்கே பார்த்தாலும், மேலே உள்ள ஒருவர் ஏற்றுக்கொண்டு இசைவு தருவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. அது இல்லை என்று சொன்னால், மேலிடம் கைவிட்டுவிட்டது என்றுதானே பொருள்?

சொற்பிறப்பும் இதையே சொல்கிறது. அங்கீகாரம் வடசொல். அங்கம் என்பது உடலின் உறுப்பு. ஒன்றைத் தன் அங்கமாக ஆக்கிக்கொள்வது அங்கீகாரம், அதாவது ஏற்றுக்கொள்வது. அந்தப் பெட்டியில் அங்கீகாரம் என்று மொழிபெயர்த்த ஆங்கிலச் சொல் ஆத்தென்டிகேஷன், நீங்கள் நீங்கள்தானா என்று பார்ப்பது. அதன் வேர் கிரேக்கம். 'தான்' என்று பொருள்படும் 'ஆட்டோஸ்' அதில் இருக்கிறது. ஒருவர் தானே செய்தது, எனவே அசல், போலியன்று என்ற கருத்திலிருந்து வளர்ந்த சொல். ஆத்தரைசேஷன் இலத்தீனிலிருந்து வந்தது, அதிகாரம் தருவது என்று பொருள். ஆங்கிலத்தில் ஒலி ஒட்டியிருப்பதால் இரண்டும் அக்கா தங்கை போலத் தெரியும். உறவே கிடையாது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ஒலியை நம்பி இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்துவிட்டார்கள்.

வேறுபாட்டை ரேஷன் கடையில் பாருங்கள். வரிசையில் நிற்கும் அம்மா கருவியில் விரலை வைக்கிறார். இவர் அட்டையில் உள்ளவர்தானா என்று கருவி பார்க்கிறது. சில சமயம் ரேகை விழாது. சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், அல்லது வேறு விரல் வைப்பார். இது ஆத்தென்டிகேஷன். ரேகை விழுந்த பிறகு, அவருடையது சர்க்கரை அட்டை என்றால் அரிசி கிடைக்காது. ஆள் அவர்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அட்டைக்கு அரிசி இல்லை. இது ஆத்தரைசேஷன். ரேகை விழாதவர் விரலைத் துடைக்கிறார். அரிசி கிடைக்காதவர் அட்டையை மாற்றித்தரச் சொல்லி அலுவலகத்துக்குப் போகிறார். சிக்கல் வேறு, தீர்வும் வேறு. ரேகை விழாத அம்மாவிடம் "உங்களுக்கு அங்கீகாரம் இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் என்ன ஆகும்? தலைமையாசிரியரிடம் அந்தச் செயலி சொன்னது அதைத்தான்.

அஞ்சல் உலகில் இந்த வேறுபாடு எழுத்திலேயே இருக்கிறது. செயலி சர்வரிலிருந்து அஞ்சலைப் பெறும் முறைகளில் ஒன்றான ஐமேப் நெறிமுறைக்கு 2009-இல் வகுத்த மறுமொழிக் குறியீடுகளில் 'ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு' என்று ஒன்று, 'ஆத்தரைசேஷன் ஃபெயில்டு' என்று தனியே இன்னொன்று. முதலாவது, பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தாதபோது வருவது. இரண்டாவது, ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, ஆனால் அவர் கேட்கும் கணக்கில் இயங்க அவருக்கு அனுமதி இல்லை என்னும்போது வருவது. இந்த இரண்டையும் தமிழில் போடச் சொன்னால் என்ன செய்வார்கள்? இரண்டுக்கும் 'அங்கீகாரம் தோல்வி' என்று போட்டால், பொறியாளர்கள் பிரித்து வைத்ததை நாம் சேர்த்துக் கட்டுகிறோம்.

ஆங்கிலம் இதில் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. அஞ்சலைப் பெறுவதற்கே 1988-இல் வந்த பாப்3 நெறிமுறை, கடவுச்சொல் கேட்கும் கட்டத்துக்கே ஆத்தரைசேஷன் நிலை என்று பெயர் வைத்தது. வலைத்தளங்களின் 401 என்ற பிழைக்கு 'அன்ஆத்தரைஸ்டு' என்று பெயர், உண்மையில் அது நீங்கள் யாரென்று தெரியவில்லை என்பதைச் சொல்வது. அவர்கள் தடுமாறி, பிறகு வந்த குறியீடுகளில் திருத்திக்கொண்டார்கள். பழைய தடுமாற்றத்தை நாம் ஏன் புதிதாக இறக்குமதி செய்யவேண்டும்?

இப்போது இந்தக் குழப்பம் முன்பைவிட அதிகம் கடிக்கும். கூகுள் 2022 மே 30 முதல், வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பழைய செயலிகளைத் தனிநபர் கணக்குகளுக்குள் விடுவதில்லை. மைக்ரோசாஃப்ட் தன் தனிநபர் அவுட்லுக் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 முதல் அதையே செய்தது. தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் செயலியில் கணக்கைச் சேர்க்கும்போது இப்போது ஓஆத் வழி வருகிறது, கடவுச்சொல்லைச் செயலியிடம் கொடுக்காமலே அதற்கு அனுமதி தரும் முறை அது. தனியாக ஒரு சாளரம் திறக்கும். அதில் முதலில் கடவுச்சொல் கேட்பார்கள். நீங்கள் நீங்கள்தானா என்று பார்ப்பது அது. அடுத்த திரையில், இந்தச் செயலி உங்கள் அஞ்சல்களைப் படிக்கலாமா, அனுப்பலாமா என்று கேட்டு 'அனுமதி' என்ற பொத்தானைக் காட்டுவார்கள். ஓஆத் 2.0 ஆவணத்தின் தலைப்பில் இருப்பதும் ஆத்தரைசேஷன்தான். ஒரே சாளரத்தில், அரை நிமிடத்துக்குள், இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. முதல் திரையில் மாட்டிக்கொண்டவர் கடவுச்சொல்லைப் பார்க்கவேண்டும். இரண்டாவதில் மாட்டிக்கொண்டவர் அனுமதி கொடுத்தாரா என்று பார்க்கவேண்டும். இரண்டு இடத்திலும் அங்கீகாரம் என்று எழுதியிருந்தால், தொலைபேசியில் உதவி சொல்கிறவர் எதிர்முனையில் இருப்பவரை எந்தத் திரைக்கு அனுப்புவார்?

சரி, ஆத்தென்டிகேஷனுக்கு வேறு என்ன சொல் இருக்கிறது? 'உறுதிப்படுத்தல்' என்கிறார்கள் சிலர். அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. புதுக் கணக்கு தொடங்கும்போது இரண்டாம் முறை தட்டச்சு செய்யும் கட்டத்தின் மேல் 'கடவுச்சொல்லை உறுதிசெய்க' என்றுதான் எழுதியிருக்கும். பயணச்சீட்டும் உறுதியாகிறது. 'மெய்ப்பித்தல்' நல்ல தமிழ், எனக்குப் பிடித்த சொல். ஆனால் மெய்ப்பிப்பவர் உள்ளே வர நிற்பவர். பார்த்து முடிவு செய்வது சர்வர். சர்வர் தரும் செய்தியில் அந்தச் சொல் எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறது. 'ஆளறிதல்' என்று சுருக்கமாக வைக்கலாமே என்று தனித்தமிழில் பற்றுள்ள நண்பர் ஒருவர் சொன்னார். கேட்க இனிமைதான். ஆனால் சரிபார்க்கப்படுவது எப்போதும் ஆள் இல்லை. அஞ்சல் செயலியும் சர்வரின் சான்றிதழை வாங்கிப் பார்க்கிறது, சரியான சர்வரோடுதான் பேசுகிறோமா என்று. அங்கே ஆள் எங்கே வந்தார்? இலங்கைத் தமிழில் 'அத்தாட்சிப்படுத்தல்' உயிரோடு இருக்கிறது, ஆனால் அது ஆவணத்தின் படியை உண்மை என்று சான்றளிக்கும் வேலைக்கு உரியது. அதை இங்கே இழுத்தால் அங்கே குழம்பும்.

நான் வைக்கும் சொல் அடையாளச் சரிபார்ப்பு. வேலைக்குத் தேர்வானவர் எல்லாருக்கும் சான்றிதழ் சரிபார்ப்பு தெரியும். அசலைக் கொண்டுபோய் மேசையில் வைப்பார்கள், அதிகாரி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார். சர்வர் செய்வதும் அச்சாக அந்த ஒப்பிடல்தான். வெரிஃபிகேஷனுக்கும் சரிபார்ப்பு என்றுதானே சொல்கிறோம், இடிக்காதா என்று கேட்பார்கள். இடிக்காது, முன்னால் நிற்கும் சொல் எதைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிடுகிறது: முகவரிச் சரிபார்ப்பு, எண் சரிபார்ப்பு, அடையாளச் சரிபார்ப்பு. நீளம் என்பார்கள். நீளம்தான். பொத்தானில் இடமில்லாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், பொருளைச் சிறிதாக்காதீர்கள். ஆத்தரைசேஷனுக்கு 'அனுமதி' போதும். அங்கீகாரம் என்றே வைத்தாலும் அங்கே நான் சண்டை போடமாட்டேன், பொருள் பொருந்துகிறது.

அந்தப் பெட்டியில் இன்னும் இரண்டு சொற்கள் உறுத்துகின்றன. 'தோல்வியுற்றது' ஒன்று. தமிழில் போட்டியில் தோற்கிறோம், தேர்தலில் தோற்கிறோம். கதவு திறக்காவிட்டால் கதவு தோல்வியுற்றது என்று யாராவது சொல்வார்களா? திறக்க முடியவில்லை என்போம். இன்னொன்று 'நற்சான்றுகள்'. நற்சான்று என்பது ஒருவர் நல்லவர் என்று எழுதிக் கொடுப்பது. பெயரையும் கடவுச்சொல்லையும் போய் நற்சான்று என்றால், பள்ளியை விட்டு வரும்போது வாங்கிய நடத்தைச் சான்றிதழைத்தான் தேடத் தோன்றும்.

மொழிபெயர்ப்பவர்களைக் குறைகூறி மட்டும் பயனில்லை என்பதும் தெரியும். திரையைக் காட்டாமல், வாக்கியங்களை மட்டும் வரிசையாகக் கட்டங்களில் அடுக்கிக் கொடுத்து, நாளைக்குள் வேண்டும் என்கிறார்கள். ஆனாலும் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்: இந்தச் செய்தி யாருக்கு, எப்போது தெரியும்? கேட்டிருந்தால் அந்தப் பெட்டியில் இப்படி எழுதியிருப்பார்கள்: "உள்ளே நுழைய முடியவில்லை. பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. அண்மையில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் புதியதை இங்கே இடுங்கள்." கடவுச்சொல் என்று எவ்வளவு அழகாக ஒருவர் ஆக்கித் தந்திருக்கிறார், பாருங்கள். கடவு என்றால் வழி. வழி விடும் சொல். வாசலில் நிற்பவரிடம் கேட்பதுபோல் இருக்கிறது, விளக்கமே தேவையில்லை.

மறுநாள் மாலை தலைமையாசிரியர் மறுபடி அழைத்தார். அஞ்சல் வருகிறது, அனுப்பத்தான் முடியவில்லையாம். அனுப்பும் சர்வருக்கான கடவுச்சொல்லைச் செயலி தனியே சேமித்து வைத்திருக்கும், அதை நான் மாற்ற மறந்துவிட்டேன். திரையில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்: "அனுப்புவதற்கு அங்கீகாரம் தேவை." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார், "இதை யார்கிட்ட வாங்கணும் தம்பி?"