செத்துவிட்டதா, இழுத்துக்கொண்டிருக்கிறதா: லஸ்டரில் பழுதான ஓஎஸ்டியை நீக்குதல்

பல சர்வர்களில் தரவைப் பரப்பி வைக்கும் லஸ்டர் கோப்பு முறைமையில் ஓர் ஓஎஸ்டி (கோப்புகளின் தரவு கிடக்கும் சேமிப்புப் பகுதி) பழுதாகிவிட்டது, அதை எப்படி நீக்குவது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, அது செத்துவிட்டதா, இழுத்துக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான். இரண்டு டிஸ்க்குகள் போனாலும் தாங்கும் ரெய்டு 6 அமைப்பில் இரண்டு டிஸ்க்குகள் போய், மூன்றாவதில் படிப்புப் பிழைகள் தலைகாட்டும் நிலையில் அந்த ஓஎஸ்டி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது; அதிலுள்ளவற்றில் பெரும்பகுதியை வெளியே எடுத்துவிடலாம். அந்த நேரத்தில் அவசரப்பட்டு அதை முடக்கிவிட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய கோப்புகளையும் நாமே எட்டாத இடத்தில் வைத்தவர்களாகிறோம்.

லஸ்டர் தானாக எதற்கும் நகல் வைத்துக்கொள்வதில்லை. 2.11 பதிப்பிலிருந்து தனித்தனிக் கோப்புகளுக்கு மிரர், அதாவது நகல், வைக்கும் வசதி இருக்கிறது என்றாலும், கேட்டு அமைத்தால்தான் அது கிடைக்கும். கோப்பின் பெயர், அனுமதிகள், எந்தெந்த ஓஎஸ்டியில் அதன் துண்டுகள் கிடக்கின்றன என்ற குறிப்பு ஆகியவை எம்டிடி என்ற தனிச் சேமிப்புப் பகுதியில் இருக்கின்றன. தரவு ஓஎஸ்டிகளில் இருக்கிறது. ஒரு துண்டின் அளவு (ஸ்ட்ரைப் அளவு) 1 எம்பி, கோப்பு பரவியிருக்கும் ஓஎஸ்டிகளின் எண்ணிக்கை (ஸ்ட்ரைப் எண்ணிக்கை) 8 என்று வைத்துக்கொண்டால், ஓர் ஓஎஸ்டி போனதும் ஒவ்வொரு 8 எம்பிக்கும் 1 எம்பி ஓட்டை விழுகிறது. பெரிய கோப்புகளை எல்லா ஓஎஸ்டிகளிலும் பரப்பி வைத்திருக்கும் இடத்தில், ஒன்று போனால் பெரிய கோப்புகள் அனைத்துமே ஊனமாகிவிடும்.

இழுத்துக்கொண்டிருக்கும் ஓஎஸ்டிக்கு முதலில் செய்ய வேண்டியது, புதிய துண்டுகள் அதில் போய் விழாமல் தடுப்பது. எம்டிடிகளை நடத்தும் எம்டிஎஸ் சர்வர்களில், ஒவ்வொரு எம்டிடிக்கும், அந்த ஓஎஸ்டியின் மேக்ஸ் கிரியேட் கவுண்ட் (புதிய துண்டுகளை உருவாக்கும் வரம்பு) மதிப்பைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். பழைய வழக்கத்தில் ஊறியவர்கள் எம்டிஎஸ்ஸில் டீஆக்டிவேட் (ஓஎஸ்டியை முடக்கும் கட்டளை) கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் புதியவை வராது என்பது உண்மைதான், ஆனால் கோப்புகளை வேறிடத்திற்கு மாற்றிய பிறகும் பழைய துண்டுகள் அழிக்கப்படாமல் அங்கேயே கிடக்கும், நிரம்பியிருக்கும் இடமும் குறையாது. இன்னொன்று, இத்தகைய மதிப்புகளை மாற்றும் செட் பாரம் கட்டளையால் வெறுமனே கொடுக்கும் மதிப்பு சர்வர் மறுதொடக்கத்தைத் தாண்டி நிற்காது. நடுவில் எம்டிஎஸ் ஒருமுறை விழுந்து எழுந்தால், சாகக் கிடக்கும் ஓஎஸ்டியில் மறுபடியும் கோப்புகள் எழுதப்படத் தொடங்கும், யாருக்கும் தெரியாது.

அடுத்தது, மாற்ற வேண்டிய கோப்புகளின் பட்டியல். லஸ்டரின் எல்எஃப்எஸ் ஃபைண்ட் கட்டளையில் ஓஎஸ்டி எண்ணைக் கொடுத்தால், அதில் துண்டு வைத்திருக்கும் கோப்புகள் எல்லாம் வரிசையாக வரும். இங்கேதான் ஓர் இரவு முழுவதையும் நான் வீணடித்தேன். பழுதானது ஓஎஸ்டி0010, நான் கொடுத்த எண் 10. ஓஎஸ்டி பெயரில் இருப்பது பதினாறடிமான எண், கட்டளை எதிர்பார்ப்பது பதின்ம எண், ஆகவே நான் கொடுத்திருக்க வேண்டியது 16. பட்டியல் ஒழுங்காக வந்தது, மாற்றும் வேலையும் ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது, ஆனால் மாறியவை எல்லாம் நல்ல நிலையில் இருந்த ஓஎஸ்டி000ஏ-யின் கோப்புகள். காலையில் ஒவ்வொரு ஓஎஸ்டியிலும் நிரம்பிய இடத்தைக் காட்டும் எல்எஃப்எஸ் டிஎஃப் பார்த்தபோது பழுதானதில் நிரம்பியிருந்த இடம் அப்படியே இருந்தது. துண்டுகள் பின்னணியில்தான் அழியும், சற்றுத் தாமதமாகும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இன்னொரு மணி நேரம் காத்திருந்தேன். பெயர் வரியின் தொடக்கத்தில் 0010 என்றும், அதே வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 16 என்றும் அந்த வெளியீட்டிலேயே இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

கோப்புகளை எல்எஃப்எஸ் மைக்ரேட் கட்டளை மூலம் வேறு ஓஎஸ்டிகளுக்கு மாற்றும்போது, அந்த நேரத்தில் யாராவது எழுதிக்கொண்டிருக்கும் கோப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர்களுடைய வேலை முடிந்தபின் எடுத்துக்கொள்வதே நல்லது. முடிந்ததும் மீண்டும் அதே ஃபைண்ட். அது வெறுமையாக வரும்வரை ஓஎஸ்டியை முடக்கும் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

முற்றிலும் செத்துவிட்ட ஓஎஸ்டியின் கதை வேறு. அதைத் தொட முயலும் கிளையன்ட்டுகள் (லஸ்டரைப் பயன்படுத்தும் கணினிகள்) பிழை எதுவும் காட்டாமல் அப்படியே தொங்கி நிற்கும். முழு அமைப்பின் அமைவுகளையும் வைத்திருக்கும் எம்ஜிஎஸ் சர்வரில் கான்ஃப் பாரம் கட்டளை வழியாக அந்த ஓஎஸ்டியின் ஆக்டிவ் மதிப்பை நிரந்தரமாகப் பூஜ்ஜியமாக்கிய பிறகுதான், தொங்குவது நின்று உள்ளீடு/வெளியீட்டுப் பிழை வரும். பிழை வருவதை முன்னேற்றம் என்று சொல்லும் தொழில் இது. கோப்பின் அளவு ஓஎஸ்டியிடம் கேட்டுத்தான் தெரியவேண்டும் என்பதால், எல்எஸ் நீளப் பட்டியலில் அந்தக் கோப்புகளுக்கு நேரே கேள்விக்குறிகள் நிற்கும். எல்எஃப்எஸ் ஃபைண்டும், ஒரு கோப்பின் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் கெட்ஸ்ட்ரைப்பும் எம்டிடியை மட்டும் கேட்பதால் அப்போதும் வேலை செய்யும். ஆனால் ஃபைண்டில் அளவு நிபந்தனையைச் சேர்த்துவிடாதீர்கள், அது ஓஎஸ்டியைத் தேடிப் போகும்.

பல ஸ்ட்ரைப்புகளில் ஒன்றை மட்டும் இழந்த கோப்பை, பிழை வந்தாலும் நிற்காமல் தொடரும்படி டிடி கட்டளையால் நகலெடுக்க முடியும். படிக்க முடியாத இடங்கள் பூஜ்ஜியங்களால் நிரப்பப்படும். உரைப் பதிவுகளுக்கு இது உதவும். ஆனால் அப்படி மீட்டதை மூலக் கோப்பின் பெயரிலேயே திருப்பி வைப்பதை நான் அனுமதிப்பதில்லை. முழுக் கோப்பு போலவே திறந்து, நடுவில் பூஜ்ஜியங்களை எண்களாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் நிரல் எந்தப் புகாரும் சொல்லாது.

புதிய டிஸ்க்குகளில் அதே எண்ணுடன் ஓஎஸ்டியை மீண்டும் அமைப்பதானால், வடிவமைக்கும்போது ரீப்ளேஸ் விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எண் ஏற்கனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று எம்ஜிஎஸ் மறுத்துவிடும். எண்களுக்கு நடுவில் இடைவெளி இருப்பதால் எந்தத் தீங்கும் இல்லை என்பதால், நான் பெரும்பாலும் பழைய எண்ணை அப்படியே செயலற்றதாக விட்டுவிடுகிறேன். எப்படியானாலும், இழந்த துண்டுகளைச் சுட்டி நிற்கும் கோப்புப் பெயர்களை முதலில் உரிமையாளர் வாரியாகப் பிரித்து அவரவருக்கு அனுப்பி, அவர்கள் எழுத்தில் சம்மதித்த பிறகே அழிக்கிறேன். கடைசியாக அனுப்பிய பட்டியலுக்கு வந்த பதில்களில் பாதி, இடைநிலை விடைகள்தான், மறுபடி ஓட்டிக்கொள்கிறோம் என்றன. மீதிப் பாதிக்காக இரண்டு வாரம் காத்திருந்தேன்.