கவசமில்லாத மலை வண்டு

வண்டு என்றாலே நமக்கு ஓடுதான் ஞாபகம் வரும். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டை விரலால் அழுத்திப் பாருங்கள், அசையாது. சிப்பாய் வண்டுகள் அந்த ரகம் இல்லை. இவை மின்மினிகளின் நெருங்கிய சொந்தம், வெளிச்சம் மட்டும் கிடையாது. முதுகை மூடும் முன்சிறகுகள் நமுத்துப்போன அப்பளம் மாதிரி வளைந்து கொடுக்கும். வயிற்றோடு இறுக்கமாகப் பொருந்துவதும் இல்லை. இப்படியொரு உடம்போடு, ஆண்டில் பல மாதம் வெண்பனி மூடிக்கிடக்கும் மலையில் எப்படிக் காலம் தள்ளுகிறது?

அன்சிஸ்ட்ரோனிக்கா அப்டோமினாலிஸ் என்ற இனத்தை எடுத்துக்கொள்வோம். 1798-ல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் விவரித்தது. ஆல்ப்ஸ் உள்ளிட்ட நடு ஐரோப்பிய மலைகளிலும் பிரிட்டனின் வடக்கு மேட்டு நிலங்களிலும் வாழ்கிறது. பிரிட்டனில் அபூர்வம்தான். நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஐரோப்பியச் சிப்பாய் வண்டுகளில் இதுவே பெரிய உருப்படிகளில் ஒன்று. முன்சிறகில் உலோகப் பளபளப்போடு நீலம், அதன் கீழே ஆரஞ்சு நிற வயிறு. மின்மினியின் தலை கழுத்துத் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், இதன் தலை முன்னே நீட்டிக்கொண்டு தெரியும். தாடைகள் அரிவாள் வளைவு. உணர்கொம்பில் 11 கணுக்கள். பாதத்தில் ஐந்து கணுக்கள் உண்டு, அவற்றில் நான்காவது இரண்டு மடலாகப் பிளந்திருக்கும். காற்றில் ஆடும் இலையைப் பற்றிக்கொள்ள அது தோதானது.

அந்த நீலமும் ஆரஞ்சும் அழகுக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை. இந்தக் குடும்பத்து வண்டுகளுக்கு உடலின் ஓரங்களில் ஜோடி ஜோடியாகச் சுரப்பிகள் உண்டு. சீண்டினால் கசப்பான திரவம் கசியும். அமெரிக்கச் சிப்பாய் வண்டு ஒன்றின் சுரப்பில் டைஹைட்ரோமெட்ரிகேரியா அமிலம் இருப்பதை 1968-ல் பூச்சியியலாளர் தாமஸ் ஐஸ்னர் உள்ளிட்ட குழு கண்டறிந்தது. சாமந்திக் குடும்பத்துச் செடிகளிலும் சில பூஞ்சைகளிலும் காணப்படும் வகைச் சேர்மம் அது. பூவில் உட்காரும் வண்டு செடியிலிருந்து திருடியிருக்குமோ? இல்லை. இதற்கான நொதிகளை வண்டே தனக்கென உருவாக்கிக்கொண்டிருப்பது ஆஸ்திரேலிய இனம் ஒன்றை ஆராய்ந்தபோது 2012-ல் தெரியவந்தது. ஓடு இல்லாத குறையை விஷம் ஈடுகட்டுகிறது.

சரி, எதிரிக்கு விஷம் போதும். குளிருக்கு? இதற்குப் பதில் வண்டிடம் இல்லை, புழுவிடம் இருக்கிறது. இறக்கை முளைத்த வண்டுக்குக் கோடையில் சில வாரங்கள்தான் ஆயுள். அசுவினிப் பூச்சிகளைத் தின்று, தேன் குடித்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு முடித்துவிடும். மீதிக் காலமெல்லாம் மண்ணில் புழுவாகத்தான். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை.

சிப்பாய் வண்டுப் புழுவை லென்ஸில் பார்த்தால் உடல் முழுக்க அடர்த்தியான நுண்மயிர், கறுத்த வெல்வெட் துணி போர்த்தியது போலிருக்கும். தண்ணீர் அதில் ஒட்டாமல் உருண்டு ஓடும், மயிர்களுக்கிடையே காற்று தங்கும். தலையின் இருபுறமும் ஒவ்வொரு கண்தான். முதுகில் இதற்கும் ஜோடி ஜோடியாகச் சுரப்பித் துளைகள். நத்தை, மண்புழு, பூச்சிப் புழுக்கள் எல்லாம் இரை. கடித்து மெல்லாது, செரிமான நீரைச் செலுத்தி, இரையைக் கரைத்து உறிஞ்சும்.

மற்ற பூச்சிகள் சுருண்டு கிடக்கும் குளிரிலும் இந்தப் புழுக்கள் நடமாடும். பனி உருகி மண் ஊறிப்போனால் மேலே ஏறி வெள்ளைப் பனியில் ஊர்ந்து திரியும். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் இவை வானத்திலிருந்து பனியோடு பொழிந்தவை என்றே நம்பினார்கள். 18-ம் நூற்றாண்டில் சுவீடனின் கார்ல் டி கீர் இந்தப் ‘பனிப்புழு மழை’யை ஆராய்ந்து, அவை சிப்பாய் வண்டின் புழுக்கள் என்று எழுதினார்.

மலைப் பூச்சிகளுக்குப் பனி எதிரி அல்ல, போர்வை. இதை அழுத்திச் சொன்னவர்களில் ஒருவர் தஞ்சாவூரில் பிறந்த எம்.எஸ். மணி. 1950-களில் வடமேற்கு இமயத்தில் ஆய்வுப் பயணங்களை நடத்தி, உயர்மலைப் பூச்சியியலுக்கே அடித்தளம் போட்டவர். வெளியே காற்று மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கினாலும், கனத்த பனிக்கு அடியில் மண் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். வெல்வெட் புழு அந்தப் பூஜ்ஜியத்தில்தான் குடித்தனம் நடத்துகிறது. இன்னும் உயரத்தில், காற்று ஓயாத இடங்களில், வேறு உத்தியும் உண்டு: மால்தோடிஸ் என்ற பொடிச் சிப்பாய் வண்டுகளில் சில இனப் பெண்களுக்கு இறக்கை குறுகிப்போயிருக்கிறது. பறந்தால் அடித்துக்கொண்டு போய்விடும் இடத்தில் இறக்கை எதற்கு?

அப்புறம், பிரிட்டனில் அந்த நீல வண்டு ‘அபூர்வம்’ என்ற சங்கதி. கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். வளர்ந்த வண்டைக் காணக் கிடைப்பதோ சில வாரங்கள், அதுவும் மழையும் மூடுபனியுமாக இருக்கும் பருவத்தில். புழுவைப் பார்த்து இனம் பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம். ஆக, பதிவுகள் குறைவாக இருப்பதில் வண்டின் எண்ணிக்கைக்கு எவ்வளவு பங்கோ, தேடுபவர்களின் விடுமுறைத் தேதிக்கும் அவ்வளவு பங்கு இருக்கலாம்.

உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. குளிர்காலம் மிதமானால் பனி மெலிகிறது. பனி மெலிந்த இடத்தில் ஒரு கடுங்குளிர் இரவு வந்தால், மூடப்படாத மண் ஆழம்வரை உறைந்துவிடும். பூமி சூடாகும்போது இந்தப் புழுவுக்கு அதிகமாகக் குளிரலாம்.