மூன்று நாள் விடுப்பும் நடுங்கும் கையும்

காலைக் கூட்டத்தில் தேநீர்க் குவளையை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, கையெழுத்திட வேண்டிய கோப்புகளை மட்டும் பிற்பகலுக்கு ஒத்திவைக்கும் அதிகாரிகள் உண்டு. கேட்டால் சர்க்கரை குறைந்துவிட்டது என்பார்கள். பல வேளைகளில் அது, முந்தைய இரவு குடித்த மது உடலை விட்டு வடிவதால் எழும் நடுக்கம்.

மூளையின் பரபரப்பை அடக்குவது காபா என்னும் வேதிப்பொருள், தூண்டுவது குளூட்டமேட். மது முன்னதற்கு வலுவூட்டிப் பின்னதை அமுக்குகிறது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடிப்பவரின் மூளை, இதை ஈடுகட்டக் காபா வந்து ஒட்டிச் செயல்படும் இடங்களான ஏற்பிகளின் உணர்திறனைக் குறைத்துக்கொண்டு, குளூட்டமேட் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. அந்நிலையில் மது திடீரென நின்றால், அடக்க ஆளின்றித் தூண்டல் மட்டும் ஓங்குகிறது. சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே, சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும் அளவுக்குச் சித்தம் குழம்பி, சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம்.

என் கவலை இங்கேதான். வேலையும் பெயரும் போய்விடும் என்று அஞ்சுபவர், தொடர் விடுமுறை வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் தெரியாமல் குடியை நிறுத்திப் பார்க்கிறார். அவர் தனித்திருக்கும் அந்த மூன்று நாள்கள்தாம் மிகுந்த ஆபத்துக்குரியவை. மருத்துவமனையில் என்றால், மூளையின் பரபரப்பைத் தணிக்கும் டயசிபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தயமின் என்னும் பி1 வைட்டமினையும் செலுத்தி, அதே நாள்களைப் பெரும்பாலும் பத்திரமாகக் கடத்திவிடுகிறார்கள்.

உடலிலிருந்து மது நீங்கிய பின்னும் நாட்டம் போவதில்லை. பழகிய தெருமுனையும் வெள்ளி மாலையும் நினைவைக் கிளறிவிடும் என்பதால், குடிக்கும் நாட்டத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் ஆலோசனையும் நெடுநாள் தேவைப்படுகின்றன. இடையில் ஒருமுறை சறுக்கினால் அதை ஒழுக்கக்கேடு என்று அலுவலகம் முத்திரை குத்துகிறது. சர்க்கரை நோயாளியின் அளவு ஏறினால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்காவில், போதைக்கு ஆட்பட்ட 904 மருத்துவர்களை ஐந்தாண்டுகள் பரிசோதனைகளோடு கண்காணித்த ஆய்வில், 78 விழுக்காட்டினரின் பரிசோதனைகளில் ஒருமுறைகூட மதுவோ போதைப்பொருளோ தென்படவில்லை. சிகிச்சையோடு, திரும்பிச் செல்லப் பணியும் அவர்களுக்குக் காத்திருந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மது, போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்து, சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர், "குடிப்பீர்களா? கடைசியாக எப்போது, எவ்வளவு?" என்று கேட்பார். அருகில் மேலதிகாரியோ மாமனாரோ நின்றால், "அந்தப் பழக்கமே இல்லை" என்று பதில் வரும். குடல்வால் அறுவை நன்றாக முடிந்திருக்க, மூன்றாம் நாள் இரவு அந்த நோயாளி சலைன் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சுவரில் பூச்சி ஊர்வதாக அலறும்போதுதான் வார்டுக்கு உண்மை தெரியவருகிறது.