காஸ்பிளே: சொல் வந்த வழியும் அதற்கான தமிழும்

கதையில் வரும் ஒரு பாத்திரத்தின் உடை, கவசம், தலைமுடி, ஆயுதம் என ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்து, அதை உடுத்திக்கொண்டு அந்தப் பாத்திரமாகவே ரசிகர்கள் கூடும் இடத்துக்குப் போவதைத்தான் காஸ்பிளே என்கிறோம். அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் படம், மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதை, காமிக்ஸ், வீடியோ கேம், சினிமா என எதிலிருந்தும் பாத்திரத்தை எடுக்கலாம். அதைச் செய்பவர் காஸ்பிளேயர். கடையில் வாங்கி அணிகிறவர்களும் உண்டு. அதுவும் காஸ்பிளேதான், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் இந்தப் பழக்கத்தின் உயிர் கையால் செய்வதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே இதற்குத் தமிழில் ஒரு சொல் தேடினால், அந்தக் கைவேலையும் அதற்குள் அடங்க வேண்டும்.

பார்வைக்கு ஆங்கிலச் சொல்லாகத் தெரிந்தாலும் காஸ்பிளே பிறந்தது ஜப்பானில். காஸ்ட்யூம், பிளே என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஜப்பானியர் கொஸுச்சூமு, புரெய் என்று தங்கள் வாய்க்கு ஏற்றபடி சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு ஒலிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒட்டினால் கொஸுபுரே. நீளமான வெளிநாட்டுச் சொற்களை இப்படி நறுக்கி ஒட்டுவது அங்கே அன்றாட வழக்கம். பெர்சனல் கம்ப்யூட்டர் அவர்களுக்குப் பசொகொன், ரிமோட் கண்ட்ரோல் ரிமொகொன், பாக்கெட் மான்ஸ்டர் போகெமொன். அனிமேஷன் சுருங்கித்தான் அனிமே ஆனது. கவசம் செய்கிறவர்கள் காகிதத்தில் வெட்டுவடிவம் எடுக்கப் பயன்படுத்தும் பெபகுரா மென்பொருளின் பெயரும் பேப்பர் கிராஃப்ட் என்பதன் சுருக்கம்தான். இப்படி ஜப்பானில் உருவான கொஸுபுரே திரும்ப ஆங்கிலத்துக்குள் போய்க் காஸ்பிளே ஆனது. அங்கிருந்துதான் நமக்கு வந்திருக்கிறது.

இந்தச் சொல்லை உண்டாக்கியவர் நொபுயுகி தகஹாஷி என்ற ஜப்பானியப் பத்திரிகை எழுத்தாளர். 1984-ல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் அனஹைமில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குப் போய்வந்த பிறகு அவர் இதை உருவாக்கினார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். ஆனால் ‘மை அனிமே’ என்ற ஜப்பானியப் பத்திரிகையின் 1983 ஜூன் இதழிலேயே சொல் அச்சேறிவிட்டது. ஆகவே 1984 கதையை இனிமேலாவது விட்டுவிடலாம். அவர் புதுச்சொல் தேடிய காரணம்தான் நமக்கு முக்கியம். அமெரிக்க ரசிகர்கள் தங்கள் வேடக் கொண்டாட்டத்தை மாஸ்கரேடு என்றார்கள். அதை அப்படியே ஜப்பானியத்தில் பெயர்த்தால், பிரபுக்கள் முகமூடி போட்டு ஆடும் பழைய நடன விருந்துதான் கண்முன் வருகிறது. கையில் காசில்லாத ரசிகப் பிள்ளைகள் தைத்துக்கொண்டு வரும் உடைக்கு அது பொருந்தவில்லை என்று அவர் நினைத்தார். ஏற்கெனவே வழக்கில் இருந்த ‘கசோ’ என்ற சொல்லோ எல்லாவகை வேடத்துக்கும் பொதுவானது. இன்று தமிழில் நமக்கு இருக்கும் சிக்கலும் ஏறக்குறைய இதுவேதான்.

காஸ்ட்யூம் என்ற பாதிக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. லத்தீனில் ‘வழக்கம்’ என்ற பொருளில் இருந்த சொல் இத்தாலியத்துக்கும் பிரெஞ்சுக்கும் போய் ஆங்கிலத்துக்கு வந்தது. வழக்கம் என்று பொருள்படும் கஸ்டம் அதன் உடன்பிறப்பு. ஓவியம் வரைகிறவர்கள், ஒரு காலத்து மக்களை வரையும்போது அந்தக் காலத்து வழக்கப்படி உடுப்பு இருக்க வேண்டும் என்ற கருத்தில் இதைப் பயன்படுத்தினார்கள். உடை என்ற பொருள் அப்படி வந்து ஒட்டியது. ஆங்கில நாடகமேடையில் காஸ்ட்யூம் பிளே என்றால் பழங்கால உடையில் நடிக்கும் சரித்திர நாடகம். காஸ்பிளேக்கும் அந்த நாடகத்துக்கும் தொடர்பு பெயரளவில்தான்: இங்கே மேடை கட்டாயமில்லை, வசனமும் வேண்டாம். ஆகவே ‘உடை நாடகம்’, ‘உடை விளையாட்டு’ என்று ஆங்கிலத்தைப் பிரித்துப் பெயர்ப்பதில் பயனில்லை.

சொல்லுக்கு வயது நாற்பது சொச்சம் என்றாலும் செயல் அதைவிட மூத்தது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற இளைஞரும் அவருடைய தோழி மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களைப் போல உடுத்திக்கொண்டு அங்கே போனார்கள். எல்லாரும் அப்படித்தான் வருவார்கள் என்று ஆக்கர்மன் நினைத்திருந்தாராம். வந்து பார்த்தால் வேடத்தில் இருந்தது இவர்கள் இருவர் மட்டும். பத்திரிகை ஓவியர் ஃபிராங்க் ஆர். பால் வரைந்த படங்களையும் 1936-ல் வந்த ஓர் எதிர்காலக் கதைப் படத்தையும் வைத்து அந்த உடைகளை வடிவமைத்துத் தைத்தவர் மிர்ட்டில். புகைப்படங்களில் ஆக்கர்மன் பெயர்தான் பெரிதாக வருகிறது. ஊசி பிடித்த கை அந்தப் பெண்ணுடையது என்பதை யாரும் மறக்கக் கூடாது. அடுத்த ஆண்டு சிகாகோ மாநாட்டிலேயே மாஸ்கரேடு நிகழ்ச்சியாகச் சேர்ந்துவிட்டது. ரசிகர்கள் தாங்களே அச்சிட்ட மங்காவை விற்கும் சந்தையாக ஜப்பானில் 1975 டிசம்பரில் தொடங்கிய கொமிகெத்தோவும் 2003 முதல் நகோயாவில் நடக்கும் உலக காஸ்பிளே உச்சிமாநாடும் அதைப் பெரிய அளவுக்கு வளர்த்தன.

சரி, தமிழுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் பாரதியாராகவும் காந்தியாகவும் நின்றவர்களுக்கு உடனே நாக்கில் வரும் சொல் ‘மாறுவேடம்’. ஆனால் ராஜா மாறுவேடத்தில் நகர்வலம் போனது, தன்னை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக. காஸ்பிளேயர் விரும்புவது அதற்கு நேர்மாறு: பத்தடி தூரத்தில் வரும்போதே ‘அட, இது அவன்தானே!’ என்று ஒரு ரசிகன் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். எனவே மாறுவேடம் ஒத்துவராது. ‘ஒப்பனை’ இன்றைய வழக்கில் முகத்தோடு நின்றுவிட்டது. ‘கோலம்’ அருமையான பழஞ்சொல்; மணக்கோலம், தவக்கோலம் என்று அடைமொழியோடு நன்றாக வாழ்கிறது. தனியாகச் சொன்னால் வாசலும் மாவும்தான் நினைவுக்கு வருகின்றன.

செயலளவில் மிக நெருங்கி வருவது பகல்வேஷம். மேடையும் திரையும் இல்லாமல், பட்டப்பகலில் தெருவில் ஜனங்களுக்கு நடுவே வேடத்தோடு நடமாடும் கலை அது. ஆனால் அது பிழைப்புக்காகச் செய்யும் தொழில். போதாக்குறைக்குப் ‘பகல்வேஷக்காரன்’ என்பது இன்று வசைச்சொல். இன்னொரு பக்கம், குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் ஆயிரக்கணக்கானவர்கள் வேடம் போடுகிறார்கள். காளி வேடத்துக்குச் சடைமுடி, கிரீடம், முதுகில் கட்டும் கைகள் எல்லாம் உண்டு. அது நேர்த்திக்கடன், விரதம் இருந்து, ஊர் ஊராகக் காணிக்கை பெற்று அம்மனிடம் சேர்ப்பார்கள். அதையும் காஸ்பிளேயையும் ஒன்று என்று சொல்வது இரண்டுக்கும் மரியாதையாகாது. ஆனால் மாறுவேடம், பகல்வேஷம், தசரா வேடம் என்ற மூன்று வழக்கிலும் பொதுவாக நிற்கிற சொல் ஒன்று இருக்கிறது: வேடம்.

வடமொழியின் வேஷம் தமிழில் வேடமானது, விஷம் விடமானதுபோல. ‘சும்மா வேஷம் போடுகிறான்’ என்றால் ஏமாற்றுகிறான் என்று பொருள். அதனால் சிலர் இந்தச் சொல்லையே ஒதுக்கப் பார்க்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பசு புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேய்ந்ததைப்போல என்று வள்ளுவர் கண்டித்தது பொய்த் துறவியை, வேடத்தை அல்ல. சைவர்கள் சிவனடியார் தோற்றத்தைத் ‘திருவேடம்’ என்று கும்பிடவே செய்தார்கள். மெய்ப்பொருள் நாயனார், அடியார் வேடத்தில் வந்து தன்னைக் குத்திய பகைவனையும் அந்த வேடத்துக்காகக் காத்து அனுப்பினார். கூத்தில் ‘துரியோதனன் வேஷம் கட்டுபவர்’ என்றால் அது மதிப்பான பேச்சு. சொல்லில் களங்கம் இல்லை. அதோடு சேரும் வினைதான் பொருளை முடிவு செய்கிறது. போட்டால் ஒன்று, கட்டினால் வேறொன்று.

அந்த வினையாக நான் முன்வைப்பது ‘புனை’. மாலை புனைகிறோம், முடி புனைகிறோம், கவிதை புனைகிறோம். தொடுப்பதும் அணிவதும் இயற்றுவதும் இந்த ஒரே வினைக்குள் இருக்கின்றன. நெடுநல்வாடையில் அணிமணி துறந்து வாடியிருக்கும் அரசியைப் ‘புனையா ஓவியம்’ போல இருந்தாள் என்கிறார் நக்கீரர். வண்ணம் தீட்டாத ஓவியம் என்று பொருள். திருமுருகாற்றுப்படையில் தெய்வப்பெண்களின் அழகு ‘கைபுனைந்து இயற்றாக் கவின்பெறு வனப்பு’, அதாவது கையால் செய்து வராத அழகு. ஆக, புனைதல் என்றால் கையால் செய்தல் என்பதற்குச் சங்க இலக்கியமே சாட்சி. இன்றைய வழக்கிலோ புனைவு என்றாலே கற்பனைக் கதை. செய்வது, அணிவது, கதை என்ற மூன்றும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறெங்கே போய்த் தேடுவது? காஸ்பிளேக்கு ‘வேடப்புனைவு’ என்பது என் பரிந்துரை. செய்பவர் ‘வேடப்புனைஞர்’, வினையாகச் சொன்னால் ‘வேடம் புனைதல்’. சொந்தக் கையால் செய்தது என்று தனித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கைபுனை வேடம்’ எனலாம்.

இந்தச் சொல் வேலைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு தோள்கவசத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் தோளில் சமையலறை பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டி, மார்க்கரால் கோடு போட்டு, வெட்டித் தட்டையாக விரித்தால் அளவு வடிவம் கிடைத்துவிடும். அதை ஈவிஏ ஃபோமில் வரைந்து வெட்டுவார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் தரையில் விரிக்கும் பஞ்சு போன்ற பாய்தான் அந்த ஃபோம். கவசத்துக்குப் பெரும்பாலும் 5 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டர் வரை தடிமன் எடுப்பார்கள். பிளேடு கூர்மையாக இல்லாவிட்டால் விளிம்பு பிய்ந்துபோகும். ஓரத்தைச் சாய்த்து வெட்டினால்தான் இரண்டு துண்டும் மூலையில் இடைவெளியின்றிச் சேரும். அப்புறம் சூடான காற்றை வீசும் ஹீட் கன். சூடுபட்டதும் மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும். நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். அந்த நொடியில் வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் வளைவு நிலைத்துவிடும். பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு அழுத்த வேண்டும். ஒட்டியபின் நகர்த்த முடியாது. கடைசியில் கறுப்பு அடிப்பூச்சு, அதன்மேல் வெள்ளி நிறம், பள்ளங்களில் மட்டும் கறுப்பு நீர்ச்சாயம் ஓடவிட்டு மேலே துடைத்தெடுத்தால் ஃபோம் துண்டு அடிபட்ட இரும்பாக மாறிவிடும். இந்த வேலை முழுவதுக்கும் ‘தைத்தல்’ போதாது, ‘அணிதல்’ போதாது. புனைதல்தான்.

அந்தத் தோள்கவசத்துக்கே தமிழில் பெயர் தயாராக இருக்கிறது. தெருக்கூத்தில் ராஜவேஷக்காரர் தோளில் கட்டுவது புஜகீர்த்தி. மார்பில் மார்ப்பதக்கம், தலையில் கிரீடம். லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் பதித்து, விடிய விடிய ஆடினாலும் தாங்கும்படி அவற்றைச் செய்கிறார்கள். எடை குறைவாக இருக்க வேண்டும், தூரத்தில் நிற்பவருக்கும் மின்ன வேண்டும் என்ற இரண்டு தேவையும் ஃபோம் கவசத்துக்கும் அப்படியே பொருந்தும். விக்குக்குப் பொய்முடி என்ற சொல் உண்டு. நாடகக்காரர்கள் டோப்பா என்பார்கள். எதிர்ப்பால் பாத்திரத்தைப் புனைவதைக் கிராஸ்பிளே என்கிறார்கள். ஆண்கள் பெண்ணாக நடிப்பதற்கு ஸ்திரீபார்ட் என்று தனி வகையே வைத்திருந்த நாடகக் கம்பெனிகளின் நாட்டில் இதற்குச் சொல் பஞ்சமில்லை: பெண்வேடம், ஆண்வேடம் போதும்.

கன்வென்ஷன் என்பதை மாநாடு என்று எழுதினால் கட்சிக் கொடிதான் தெரிகிறது. ‘ரசிகர் விழா’ என்பது எளிது. இந்தியாவில் காமிக் கான் என்ற ரசிகர் விழா 2011 பிப்ரவரியில் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு அது வந்தது 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். ஃபோமுக்குள் காற்று போகாது. நம் வெயிலில் தலைக்கவசத்துக்குள் ஒரு சிறு விசிறி, குடிக்கத் தண்ணீர், கழற்றி மாட்ட ஒரு தோழர் இல்லாமல் முழுக்கவசத்தில் கிளம்பக் கூடாது. பையில் ஊக்கு, பசை, ஊசிநூல் இருக்கட்டும். நெரிசலில் முதலில் விட்டுப்போவது பெரும்பாலும் பெல்ட் ஒட்டிய இடம்தான். ஜப்பானின் கொமிகெத்தோவில் வீட்டிலிருந்தே வேடத்தோடு வருவதற்கு அனுமதி இல்லை. அங்கே போய் அதற்கான அறையில்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

விழாக்களில் வைக்கும் ஓர் அறிவிப்பையும் தமிழாக்க வேண்டியிருக்கிறது. வேடத்தில் இருக்கும் பெண்களைத் தொடுவதும் கேட்காமல் படமெடுப்பதும் பெருகியபோது, 2014-ல் நியூயார்க் காமிக் கான் வாசலிலேயே ‘காஸ்பிளே என்பது சம்மதம் அல்ல’ என்ற பொருளில் பலகைகள் வைத்தது. நம் ஊர்ப் பலகையில் இதைச் சுற்றி வளைக்காமல் எழுதலாம்: ‘வேடம் புனைந்திருப்பவரைத் தொடாதீர்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.’